ஓட்டுநர் தவறு

சலவைக்கூடத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. "சாவி" என்றால்தான் தெரியும். வண்டி நின்ற மறுநொடி சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிடுவார். அதனால் வந்த பெயர். சிவப்பு விளக்கு நாற்பது நொடி என்று காட்டினால்கூட அணைத்துவிடுவார். "சும்மா நிக்கிற வண்டிக்கு எதுக்கு டீசல்? அது என்ன வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையா, உக்கார வச்சு ஊட்டி விட?" என்பார்.

ஆஸ்பத்திரிகளின் அழுக்குத் துணியை அள்ளி வருவதும், துவைத்துத் தேய்த்த விரிப்புகளைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பதும்தான் வேலை. ஒன்பது ஆஸ்பத்திரி, எல்லாம் நாலு கிலோமீட்டர் வட்டத்துக்குள். இருபத்தாறு வருடமாக வண்டியில் ஒரு கீறல் கிடையாது, அவர் பெயரில் ஒரு அபராதச் சீட்டு கிடையாது. மனைவியும் அங்கேதான், துணி மடிக்கும் மேசையில். புருஷன் ஓட்டும் லட்சணத்தைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால், அந்த அம்மாள் மடித்த துணியை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்புவார்.

பழைய டீசல் பிக்கப்புக்கு வயதாகிவிட்டது. பதினைந்து வருடம் தாண்டிய டீசல் வண்டி இனி ஊருக்குள் வரக் கூடாது என்று உத்தரவு வந்தது. காற்று கெட்டுப்போகிறது, தடுக்க வேண்டியதுதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த உத்தரவை ஒட்டியிருந்த ஆஸ்பத்திரிச் சுவருக்குப் பின்னாலேயே ஒரு ஜெனரேட்டர் நாள் முழுக்கக் கரும்புகை கக்கிக்கொண்டு நிற்கிறது. அதற்கு வயது என்ன என்று கேட்க நாதியில்லை. இளைத்தவன் வண்டிதான் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது.

"கேஸ் வண்டியா டீசல் வண்டியா, நீங்களே சொல்லுங்க. ஓட்டப்போறது நீங்கதானே" என்றார் சலவைக்கூட முதலாளியம்மா. இத்தனை வருடத்தில் அவரை ஒரு வார்த்தை கேட்டது அதுதான் முதல் தடவை. சாவிக்கு உள்ளங்கால் தரையில் படவில்லை. ஒரு வாரம் வீட்டில் அதே பேச்சு. கேஸ் வண்டியில் புகை குறைவு. ஆனால் சிலிண்டர் இடத்தை அடைக்கும், கேஸ் பங்க்கில் வரிசை நிற்க வேண்டும். டீசலில் இழுவை அதிகம், வரிசை இல்லை. யோசித்து யோசித்து, கேஸ் என்றே முடிவு செய்தார்கள்.

வண்டி விற்கும் கடையில், டை கட்டிய விற்பனையாளருக்கு எதிரே உட்கார்ந்து, சாவியின் மனைவி நறுக்கென்று கேட்டார். "இவரு ஊருக்குள்ளயேதான் ஓட்டுவாரு. அரை கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்துவாரு. நிறுத்தினா அணைச்சுடுவாரு. அதுக்கு எது சரி?"

"டீசல்தாம்மா! கேஸெல்லாம் மேட்டுல மூச்சு வாங்கும். புதுச் சட்டத்துக்கு ஏத்த மாதிரி வந்த வண்டி இது. கண்ணை மூடிக்கிட்டு எடுங்க."

கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தார்கள். அடுத்த மாதம் விதி இன்னும் இறுகப்போகிறது, அதற்குள் கிடங்கில் நிற்கிற டீசல் வண்டிகளை யார் தலையிலாவது கட்டியாக வேண்டும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மூன்றாம் மாதம் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. கடைக்குப் போன் போட்டார். "ஓட்டிக்கிட்டே இருங்க சார், போயிடும்" என்று வைத்துவிட்டார்கள். நாலாம் மாதம், எலும்பு ஆஸ்பத்திரி மேட்டில் வண்டி முனகியது. ஆக்ஸிலேட்டரை என்ன மிதித்தாலும் நடைவேகத்துக்கு மேல் ஏறவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரனைக் காதுக்குள்ளேயே அடித்தார்கள். ஓரம் கட்டிவிட்டு, அறுவை அறைத் துணிமூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஐம்பத்திரண்டு வயது மனிதர் மேடேறினார். நர்ஸ் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "டாக்டர் கை கழுவிட்டு நிக்கிறாரு, இப்பத்தான் வர்றீங்களா?" சாவிக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தக் கடையின் சர்வீஸ் சென்டரில் வண்டியில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்த பொறுப்பாளர், குற்றவாளியைப் பிடித்துவிட்ட தோரணையில் நிமிர்ந்தார்.

"நாலு மாசத்துல மூவாயிரத்து இருநூறு தடவை இன்ஜினை ஆஃப் பண்ணியிருக்கீங்க."

"ஆமா. நின்னா அணைப்பேன்."

"அதான் தப்பு. புகைக்குழாய்ல கரிய பிடிக்கிற வடிகட்டி இருக்கு. நிறைஞ்சா அதுவே சூடாகி கரிய எரிச்சுக்கும். அதுக்கு இருபது நிமிஷம் நிக்காம வேகமா ஓடணும். நீங்க பாதியிலயே அணைச்சு அணைச்சு அடைச்சுட்டீங்க. வாரத்துல ரெண்டு நாள் பைபாஸ்ல சும்மா ஒரு சுத்து ஓட்டிட்டு வரணும்."

"சும்மான்னா? காலி வண்டியவா?"

"ஆமா சார்."

"ஏய்யா, புகையக் குறைக்கத்தானே இந்த வண்டி? புகையக் குறைக்க நான் டீசல எரிச்சுக்கிட்டு வெட்டியா ஊர் சுத்தணுமா? இத வாங்கும்போது ஏன்யா சொல்லல?"

 பொறுப்பாளர் அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினார். பழுதுக்குக் காரணம் என்ற கட்டத்தில் இரண்டே சொல்: ஓட்டுநர் தவறு.

சலவைக்கூடத்தில் முதலாளியம்மா தாளைப் பார்த்தார். "கையெழுத்துப் போட்டுடுங்க. நம்ம தப்புன்னு ஒத்துக்கிட்டா பாதிச் செலவ அவங்க ஏத்துக்குறாங்களாம். வெறும் காகிதம்தானே?"

"உங்களுக்குக் காகிதம்மா. எனக்கு இருபத்தாறு வருஷம்."

சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.  வாழ்நாள் முழுக்க ஒரு சொட்டு வீணாக்காமல் ஓட்டியவனைப் பார்த்து, வீணாக்காததுதான் உன் குற்றம் என்கிறார்களே, இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?  மனைவி, வண்டியோடு வந்த தடிமனான கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டு, ஒரு தாள் விடாமல் படித்தார். நூற்று எண்பத்தேழாம் பக்கத்தில் விரல் நின்றது.

மறுநாள் காலை இருவரும் கடைக்குப் போனார்கள். அதே டைக்காரர், அதே நாற்காலி. எதிரே முட்டை வியாபாரி ஒருவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, டீசலா கேஸா என்று முழித்துக்கொண்டிருந்தார்.

"டீசல்தான் சார். கண்ணை மூடிக்கிட்டு..."

"கண்ணைத் தொறந்துக்கிட்டு எடுங்க அண்ணே" என்றார் சாவி. "ஒரு நாளைக்கு எத்தனை கடையில நிறுத்துவீங்க?"

"அது இருக்கும், இருபத்தஞ்சு, முப்பது. எல்லாம் பக்கத்துப் பக்கத்துக் கடைதான்."

சாவியின் மனைவி கையேட்டைப் பிரித்தார். கடை முழுக்கக் கேட்கிற குரலில், எழுத்துக்கூட்டாமல், நிறுத்தி நிறுத்திப் படித்தார். "தொடர்ந்து குறுகிய தூரம் மட்டும் ஓட்டி, அடிக்கடி நிறுத்தும் பயன்பாட்டுக்கு இந்த டீசல் வாகனம் ஏற்றதல்ல. இதை விற்பனையாளர் வாங்குபவருக்கு விளக்க வேண்டும்." பிறகு புத்தகத்தை மூடினார். "நான் அன்னிக்கு இதத்தானே தம்பி கேட்டேன்? வாயத் தொறந்து கேட்டேனா இல்லையா?"

டைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. முட்டை வியாபாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

மேலாளர் உள்ளேயிருந்து ஓடிவந்தார். உள்ளே வாங்க, உட்காருங்க, ஜில்லென்று ஏதாவது குடிங்க என்று குழைந்தார். வடிகட்டியை இலவசமாக மாற்றித் தருகிறோம், வேண்டுமானால் இந்த வண்டியைக் கொடுத்துவிட்டுக் கேஸ் வண்டியே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தத் தாளில் "காரணம் தெரியவில்லை" என்று மாற்றிவிடலாம், சரிதானே?

"எப்படி சரி? காரணம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றார் சாவி. "வண்டிய அப்புறம் பாக்கலாம். முதல்ல அத எழுதுங்க."

மேலாளர் மழுப்பிப் பார்த்தார், தலைமை அலுவலகம் என்றார், நடைமுறை என்றார். முட்டை வியாபாரி எழுந்தார், ஆனால் போய்விடவில்லை. வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் வந்து நின்றுகொண்டார்கள். கடைசியில் மேலாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார்.

சலவைக்கூடத்தில் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. சாவி தாளை முதலாளியம்மாவிடம் நீட்டினார். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு" என்று இழுப்பறையைத் திறந்தார்.

"உள்ள வைக்காதீங்கம்மா. படிங்க."

"படிச்சேனே."

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிங்க."

மடிக்கும் மேசையில் கைகள் நின்றன. முதலாளியம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார். "வாங்குபவருக்கு வண்டியைப் பற்றிச் சரியான தகவல் தரப்படவில்லை. ஓட்டுநர் மீது எந்தத் தவறும் இல்லை."

"மிஷின் சத்தத்துல கேக்கலம்மா" என்றார் சாவி.

முதலாளியம்மா அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து நின்று, இன்னும் உரக்கப் படித்தார்.