கூட்டம் முந்திப் பாடிய பாட்டு

ரெனெட்டா காட்ஸ்டன் பாடும்போது ஒரு வரியைப் பாதியில் விட்டுவிடுவாள். மறந்துபோய் அல்ல. ஃபிலடெல்ஃபியாவில் ஜெர்மன்டவுன் பக்கத்துத் தேவாலயத்தில் சிறுமியாக இருந்தபோதே பாட ஆரம்பித்தவள். பாடுகிறவர் இடம் விட வேண்டும், சபை அதை நிரப்ப வேண்டும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தராமலே வந்த பழக்கம். "அப்படிச் சொல்லும்மா!", "அவசரப்படாத, நிதானமாப் பாடு!" என்று பெஞ்சுகளிலிருந்து குரல் வந்தால்தான் அவளுக்கு அடுத்த வரி வரும். சனிக்கிழமை கிளப்புகளிலும் அதே கதைதான். டிரம்முக்கு ஒரு மயிரிழை பின்னால் சோம்பலாக நடந்துவரும் அவள் குரல். பத்திரிகைக்காரர்கள் அதற்கு நியோ சோல் என்று பெயர் வைத்தார்கள். "நான் பாடறேன். பேரு நீங்க வச்சுக்கங்க" என்பாள்.

அவளுக்குக் கீபோர்டு வாசித்தவன் நான். தெற்குக் கரோலினாவின் புகையிலைக் காட்டிலிருந்து படிக்க வந்தவன். எங்கள் வம்சத்திலேயே கல்லூரிப் பட்டம் வாங்கிய முதல் ஆள். நியூயார்க் இசைத்தட்டுக் கம்பெனி ஒன்று ஓர் ஆல்பத்துக்காக அவளோடு போட்ட ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லும் வேலை அதனாலேயே என் தலையில் விழுந்தது. வெளியீட்டுக்கு முன்னால் பாட்டு யார் கைக்கும் போகக் கூடாது என்று அதில் இருந்தது. சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

ஆனால் பர்னெல் காட்ஸ்டன் அவளுடைய அப்பா. அவென்யூவில் நாலு நாற்காலி போட்ட முடிதிருத்தும் கடை அவருடையது. தாயில்லாப் பிள்ளையை அந்தக் கடையில்தான் வளர்த்தார். அவருக்கு இல்லாத பாட்டு வேறு யாருக்கு? ஒலிப்பதிவு முடிந்ததும் ஒரு சிடியைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

"கடைக்குள்ளயே இருக்கட்டும்பா. வெளிய போகக் கூடாது."

"பாப்பா, இது என்ன, என் பல்செட்டா, ஊருக்கெல்லாம் இரவல் குடுக்க?" என்று சிரித்தார்.

காலை முதல் மாலை வரை கடையில் அதுதான் ஓடியது. 'மூன்றாம் மாடி' என்ற பாட்டு வரும்போது கத்தரியை நிறுத்திவிடுவார். மளிகைப் பையோடு படியேறி வரும் ஒருத்தி, கதவைத் திறந்தால் உள்ளே ஆளில்லை. அவ்வளவுதான் பாட்டு.

வெண்டல் என்று ஒரு வாடிக்கையாளர், பஸ் டிரைவர். "மிஸ்டர் பர்னெல், ஒரே ஒரு நாள். என் வீட்டுக்காரி பிறந்தநாளு. கேட்டா அழுதுருவா."

"உன்னைக் கட்டிக்கிட்டவ தினமும் அழுதுகிட்டுத்தானடா இருப்பா" என்றார் அவர். கடையே சிரித்தது. ஆனால் தன் மகளின் குரலை ஒருவன் கெஞ்சிக் கேட்கிறான். எந்த அப்பனுக்கு மனசு இளகாது? கொடுத்தார். வெண்டல் நாணயமானவர், மறுநாளே திருப்பித் தந்துவிட்டார். அதற்குள் அவருடைய மைத்துனன் நகல் எடுத்திருந்தான்.

வெளியீட்டுக்கு ஒரு மாதம் இருக்கையில், கம்பெனிக்காரர்கள் பார்க்க வந்த கச்சேரியில் ரெனெட்டா முதன்முறையாக 'மூன்றாம் மாடி'யை மேடையில் பாடினாள். இரண்டாம் சரணத்தில் வழக்கம்போல் ஒரு வரியைப் பாதியில் விட்டாள். அரங்கம் அந்த வரியைப் பாடியது. அடுத்த வரியையும். முழுச் சரணத்தையும். ஒலிப்பதிவின்போது அவளுக்குத் தற்செயலாக வந்த ஒரு சின்னச் சிரிப்பு பாட்டில் அப்படியே தங்கியிருந்தது. அந்தச் சிரிப்பையும் முந்நூறு பேர் ஒன்றாகச் சிரித்தார்கள்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தேவாலயத்தில் வளர்ந்த பாடகிக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஊரே ஓசியில கேட்டாச்சு, இனி யாரு வாங்குவா?" என்றது கம்பெனி. ஆல்பத்தைத் தூக்கி மூலையில் போட்டார்கள். ஒப்பந்தப்படி பாட்டுகள் அவர்களுக்கே சொந்தம். ஆறு வருடத்துக்குத் தன் பெயரில் வேறு எங்கும் அவள் பதிவு செய்யவும் முடியாது.

நேராக அப்பாவின் கடைக்குப் போனாள். நாலு நாற்காலியிலும் ஆட்கள்.

"நான் யாருக்கும் விக்கலையே பாப்பா!" என்றார் பர்னெல்.

"நீங்க விக்கலப்பா. சும்மா குடுத்தீங்க. எல்லாம் போச்சு. நீங்கதான் காரணம்."

பாதி மழித்த தலையோடு உட்கார்ந்திருந்தவர்கூடக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் கடையில் ரேடியோவின் பேஸ்பால் வர்ணனை மட்டும்தான்.

ரெனெட்டா மற்றவர்களுக்குப் பின்பாட்டுப் பாடப் போனாள். மேடையின் ஓரத்தில், வெளிச்சம் எட்டாத மூன்றாவது மைக். பெரும்பாலும் வார்த்தையே இல்லாத 'ஊ', 'ஆ'. ஆறு வருடம் முடிந்தபோது அவளைத் தேடி எந்தக் கம்பெனியும் வரவில்லை. ஜனேயா என்ற சின்னப் பெண் பெரிய நட்சத்திரமாகியிருந்தாள். அவள் குழுவில் நிலையான வேலை கிடைத்ததே பெரிய ஆறுதல்.

அந்தக் குழு ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்தது. பர்னெல் கடை ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். இரண்டு பாட்டுக்கு நடுவே ஓர் அமைதி. கிழவர் எழுந்து நின்று 'மூன்றாம் மாடி'யை ஆரம்பித்தார், ஓட்டைக் குரலில். வெண்டல் சேர்ந்துகொண்டார். பிறகு பால்கனி, பிறகு எல்லோரும்.

ஜனேயா சிரித்தபடி, "வாங்கக்கா, உங்க ஊரு கூப்பிடுது" என்று கையைக் காட்டினாள். ரெனெட்டா தலையாட்டி மறுத்தாள். கூட்டம் விடவில்லை. கடைசியில் முன்னால் வந்து பாடினாள். அன்றைக்குப்போல் அவள் பாடி நான் கேட்டதில்லை. பாட்டு முடிந்தும் கைதட்டல் ஓயவில்லை. ஜனேயாவின் அடுத்த பாட்டு அதில் மூழ்கிப்போனது.

காலையில் ஜனேயாவின் மானேஜர் ரெனெட்டாவுக்குப் போன் செய்தார். அடுத்த கச்சேரிக்காகப் பால்டிமோருக்குப் போகும் குழுவின் பஸ்ஸில் அவளுக்கு இடமில்லை. அங்கே மட்டும் இல்லை, இனி எங்கேயும் இல்லை.

மத்தியானம் அப்பாவின் கடைக்கு அவளோடு நானும் போனேன். பர்னெல் ஆறு வருடத்துக்குப் பிறகு நிமிர்ந்து நின்று முடி வெட்டிக்கொண்டிருந்தார். வந்தவர், போனவர் எல்லோருக்கும் அதே கதை.

"நேத்து நாந்தான் எடுத்துக் குடுத்தேன், தெரியுமில்ல? நாந்தான்! பாப்பா, அடுத்து எந்த ஊரு?"

ரெனெட்டா என்னைப் பார்க்கவில்லை.

"கொஞ்ச நாள் லீவு குடுத்திருக்காங்கப்பா" என்றாள்.