ஏ டிரைவும் எங்கள் குவார்ட்டர்ஸும்

போன வாரம் என் மகள் லேப்டாப்பைப் படாரென்று மூடினாள். "சனியன்! டேட்டாபேஸ் கண்ணெதிர்ல இருக்கு, ஃபைலே இல்லைங்குது!" காலேஜில் ஏதோ ஒரு ஃபங்ஷனல் ப்ரோக்ராமிங் மொழி படிக்கிறாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "நீ எங்க நின்னுக்கிட்டு அதைக் கூப்பிடறே?" என்று கேட்டேன்.

"அம்மா, நான் உக்காந்துதான் இருக்கேன்" என்றாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அது என் மண்டையில் ஏறுவதற்கே தாம்பரம் ஸ்டேஷனும் ஒரு சித்தப்பாவும் வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே கம்ப்யூட்டர் சென்டர். கோயில் மாதிரி செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஏசிக் குளிரும் கால் வியர்வையும் கலந்து ஒரு வாசனை வரும் பாருங்கள், இன்றைக்கும் ஏடிஎம்முக்குள் நுழைந்தால் என் கால் தானாகச் செருப்பைக் கழற்றப் பார்க்கிறது. மற்ற வகுப்புகளுக்கெல்லாம் அடிதடி. மூலையில் ஒரு மிஷின் மட்டும் சீண்டுவாரில்லாமல் கிடந்தது. அதில் இருந்தது லிஸ்ப் என்ற மொழி. எல்லாமே ஃபங்ஷன், பிராக்கெட்டுக்குள் பிராக்கெட். அறிவு தாகத்தில் அதைத் தேர்ந்தெடுத்தேன் என்று பிற்பாடு பலரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். வரிசையில் நிற்கச் சோம்பல், அவ்வளவுதான்.

அப்பா எலெக்ட்ரிக் ட்ரெயினில் கார்டு. அந்தக் கோடையோடு அவருக்கு ரிட்டயர்மென்ட். ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். எனக்கு வேலை கிடைத்தால் ராஜகீழ்ப்பாக்கத்தில் வாடகைக்கு ஒரு வீடு, கிடைக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு அப்பாவின் சொந்த ஊர். "அந்த ஊர்ல எனக்கு யாரைத் தெரியும்? இங்கன்னா கண்ணைக் கட்டி விட்டாலும் மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வருவேன்" என்று அம்மா பாத்திரம் கழுவும்போதெல்லாம் புலம்புவாள். போகப்போவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

லிஸ்ப் தெரிந்த ஆள் வேண்டுமென்று அடையாறில் ஒரு கம்பெனி கேட்டிருந்தது. சொந்தமாக எழுதிய ப்ரோக்ராம் ஒன்றை ஃப்ளாப்பியில் கொண்டுபோய்க் காட்டவேண்டும். நான் ரயில் நேரத்தை எடுத்துக்கொண்டேன். தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரைக்கும் எந்த வண்டி எங்கே எப்போது என்று அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல, ஒரு டேட்டா ஃபைல் ஆக்கினேன். எத்தனை மணிக்குள் எங்கே போகவேண்டும் என்று கேட்டால் என் ப்ரோக்ராம் அதில் தேடி வண்டியைச் சொல்லும்.

சொன்னது, ஒரு நாள். மறுநாள் அதே ப்ரோக்ராம், அதே ஃப்ளாப்பி, ஃபைலைத் திறக்க முடியவில்லை என்றது. அதற்கடுத்த நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. "வைரஸ்மா" என்றார் சென்டர்காரர். ஃப்ளாப்பிக்குக் கற்பூரம்தான் காட்டவில்லை.

அந்த சமயத்தில்தான் திண்டிவனத்திலிருந்து சித்தப்பா வந்தார். வந்தார் என்பதைவிட, வெகுநேரம் அலைந்து சட்டையெல்லாம் நனைந்து வந்து விழுந்தார் என்று சொல்லவேண்டும். "அண்ணி, ஸ்டேஷன்ல எறங்கி சோத்துக்கைப் பக்கம் திரும்புன்னு எழுதினீங்களே, திரும்பிப் போய்ட்டே இருக்கேன், குவார்ட்டர்ஸே வரல!"

"ஐயையோ, மேற்கு வாசல்ல எறங்கினியா? நான் சொன்னது கிழக்கு வாசலுக்குடா!"

நான் டம்ளரை வைத்துவிட்டு அப்படியே சென்டருக்கு ஓடினேன். வெறும் ஃபைல் பேரை மட்டும் எழுதியிருந்தேன். எந்த டைரக்டரியில், அதாவது கம்ப்யூட்டரின் எந்த அறையில், நின்றுகொண்டு லிஸ்ப்பைத் தொடங்குகிறேனோ, அந்த டைரக்டரியில் மட்டும்தான் அது தேடும். ஒரு நாள் ஃப்ளாப்பியில் நின்று தொடங்கியிருக்கிறேன், மறுநாள் வேறெங்கோ நின்று. அவ்வளவுதான் வைரஸ்! ஃபைலைத் திறக்கிற இடத்திலெல்லாம், ஃப்ளாப்பியைச் செருகுகிற ஏ டிரைவ் என்று முழு முகவரியையும் எழுதினேன். எந்த வாசலில் இறங்கினாலும் வீடு வந்தது.

அடையாறில் வரவில்லை. அங்கே இருந்த மிஷினில் ஏ டிரைவ் பெரிய ஃப்ளாப்பிக்கு. என் சின்ன ஃப்ளாப்பி நுழைந்தது பி டிரைவில். எதிரே கண்ணாடிக்காரர் ஒருவர் வாட்சைப் பார்த்தார். "பரவால்லம்மா, போய்ட்டு வாங்க, சொல்லி அனுப்பறோம்."

சொல்லி அனுப்பமாட்டார்கள் என்று யாருக்குத் தெரியாது? பாத்திரம் கழுவும் அம்மா கண்முன் வந்தாள். "சரி பண்ணாம நான் எழுந்திரிக்கமாட்டேன் சார்" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

"ஏ-வை பி-ன்னு மாத்துங்க, முடிஞ்சுது."

"நாளைக்கு வேற மிஷின் வந்தா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் எல்லா முகவரியையும் அழித்தேன். ஃபைல் எங்கே இருக்கிறது என்று ப்ரோக்ராம் முதலிலேயே நம்மிடம் கேட்கும், நாம் சொல்வதை வாங்கி ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் கொடுக்கும், அது தானாக எதையும் நினைத்துக்கொள்ளாது. பிராக்கெட் ஒன்று விட்டுப்போனது, தேடிப் போட்டேன். ஓடியது. அவர் ஃபைலை வேறொரு மூலையில் கொண்டுபோய் வைத்தார். அங்கேயும் ஓடியது. கடைசியில், இல்லாத ஒரு இடத்தைக் கொடுத்தார். திரையில் ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது: அங்க ஒண்ணும் இல்லை.

"இது எந்த மேன்யுவல்ல இருக்கு?"

"அப்பா மூக்குக்கண்ணாடி தேடறப்போ எங்க அம்மா சொல்றது சார்."

விழுந்து விழுந்து சிரித்தார். அந்த மாதமே வேலையில் சேர்ந்தேன்.

ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்கு அம்மா உடனே பழகிவிட்டாள். அப்பாவின் கால்தான் பழகவில்லை. ஒரு நாள் காய்கறிப் பையோடு நேரே பழைய குவார்ட்டர்ஸுக்குப் போய் கேட்டைத் திறந்திருக்கிறார். "அங்க இப்போ குடியிருக்கற அம்மா காபி குடுத்தாங்க. நல்ல காபி" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். அதற்குப் பிறகும் போய்க்கொண்டுதான் இருந்தார்.

அப்பா கார்டாகப் போய்வந்த மீட்டர் கேஜ் வண்டிகள் போயின. ஃப்ளாப்பி போனது, கம்ப்யூட்டருக்குச் செருப்பைக் கழற்றும் பக்தி போனது. அம்மாவும் அப்பாவும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். மகளின் ப்ரோக்ராமைச் சரி செய்துகொடுத்த மறுநாள், என்னவோ தாங்கவில்லை, தாம்பரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். பழைய குவார்ட்டர்ஸ் இடத்தைச் சொன்னதும் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அங்க இன்னாமா கீது? அல்லாத்தையும் இட்ச்சிட்டாங்க. அங்க ஒண்ணும் இல்லியேமா."

"பரவால்ல, போங்க" என்றேன். "கிழக்கு வாசல்ல இருந்து சோத்துக்கைப் பக்கம்."