அம்மா நீச்சல் கற்ற முகத்துவாரம்

பஞ்சர் கடையில் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கி எடுக்கும் டியூப்பின் ஈர ரப்பர் வாடை மூக்கில் ஏறினால், இந்த வயதிலும் நான் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். எங்கள் ஊர் நீச்சல் சங்கத்தின் வாடை அது. ராமநாதபுரத்துக்குக் கிழக்கே, வைகை கடலைத் தொடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது எங்கள் ஊர். ஆற்றில் வெள்ளம் வருவது அபூர்வம் என்றாலும், முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்வதால் உள்ளே நீளமாக ஒரு தேக்கம் கிடக்கும். அந்த "உவர்த்தண்ணி"யின் கரையில் ஊர் இளைஞர்கள் ஒரு கொட்டகை போட்டு, பழைய லாரி டியூப்புகளைத் தொங்கவிட்டு, இரு கரைக்கும் இடையே ஒரு நைலான் கயிற்றையும் கட்டியிருந்தார்கள். சங்கம் என்பது அவ்வளவுதான். சாயங்காலமானால் ஆண்களும் பையன்களும் குதித்துக் கும்மாளமிடுவார்கள். பெண்கள் அந்தப் பக்கம் போனதில்லை, சின்னம்மா சாகும்வரை.

சின்னம்மா என் அம்மாவின் ஒரே தங்கை. மறுகரையில் ஒரு கல்யாண விருந்துக்குப் போன வள்ளம் நடு ஆற்றில் கவிழ்ந்தபோது, நீந்தத் தெரிந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறினார்கள். பட்டுச்சேலை காலைச் சுற்றிக்கொண்ட சின்னம்மா, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த அம்மாவின் கைக்கு எட்டாத தூரத்தில் முங்கிப்போனாள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே தொங்கியிருக்கிறாள். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த மறுநாள், அவள் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு செல்வி அக்காவின் வீட்டுக்குப் போனாள். செல்வி அக்கா, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கும் பெண்களில் ஒருத்தி.

"செல்வி, எனக்கு நீச்சல் பழக்கி விடுவியா?" என்று அம்மா வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"பழக்கலாங்க்கா. சேலையோட ஏலாது. சுடிதார் போட்டுட்டு வாங்க" என்றாள் அவள்.

சங்கத்துப் பையன்கள் மறுப்புச் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமைக் காலையை விட்டுக்கொடுத்தார்கள். அதற்குப் "பொம்பளை முறை" என்று பேர் வந்தது. முதலில் அம்மாவும் அவள் தம்பி பெண்டாட்டியான மாமியும்தான் போனார்கள். பிறகு தெருவிலிருந்து ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். மாமாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "இந்த வயசுல இது எதுக்குக்கா?" என்று கேட்டுப் பார்த்தார். "இந்த வயசுலதானடா சாகப் பாத்தேன்" என்றாள் அம்மா.

மற்றப் பிள்ளைகள் அம்மாக்களை வேடிக்கை பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் அம்மாவின் செருப்பையும் துப்பட்டாவையும் மடியில் வைத்துக்கொண்டு கரை ஓரத்தில் உறைந்துபோய் உட்கார்ந்திருப்பேன். அவள் தலை தண்ணீருக்குள் போகும்போது நானும் மூச்சை அடக்குவேன்; வெளியே வந்தால்தான் விடுவேன். அத்தா என்று நான் கூப்பிடும் அப்பா சவுதியில் இருந்தார். அம்மாவும் போய்விட்டால் என்னை யார் வீட்டில் விடுவார்கள், யார் எனக்குத் தலை சீவிவிடுவார்கள் என்பதையெல்லாம் யோசித்தபடி உட்கார்ந்திருந்த அந்தக் காலைகளில் எனக்கு ஒருநாளும் பசித்ததில்லை. "போகாதம்மா" என்று சனிக்கிழமைதோறும் அழுவேன். "நீயும் வா, கரையில இருந்து பாத்துக்க" என்பாள். அவளைப் பார்த்துக்கொள்வது என் வேலையாகிவிட்டது. அதனால் பயம் இரட்டிப்பானது.

ஐப்பசி மழை மேற்கே கொட்டித் தீர்த்திருந்த ஒரு ஞாயிறு அது. கண்மாய்கள் நிறைந்து மிச்சத் தண்ணீரை ஆற்றில் திறந்துவிட்டிருந்தார்கள். விடியற்காலையில் முகத்துவாரத்து மணல் உடைந்து ஆறு கடலுக்கு வழி கண்டிருந்தது. எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. கொட்டகைக்கு எதிரே தண்ணீர் வழக்கம்போலத்தான் கிடந்தது, நிறம் மட்டும் கொஞ்சம் செம்மண்ணாக. அம்மாவும் மாமியும் கயிற்றை ஒட்டியே மறுகரைக்கு நீந்தப் புறப்பட்டார்கள்; ஒரு டியூப்பைத் தள்ளிக்கொண்டு செல்வி அக்கா பின்னால் போனாள். நடு ஆற்றில் மாமியின் கை கயிற்றிலிருந்து நழுவியது. அவள் இரண்டு முறை கையை வீசினாள், கடல்பக்கம் இழுத்த நீரோட்டத்தில் கயிறு தள்ளித் தள்ளிப் போயிற்று. கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்ததையும், பிறகு கயிற்றைத் தானாகவே விட்டதையும் நான் கரையிலிருந்து பார்த்தேன்.

செல்வி அக்கா டியூப்பை அவர்கள் பக்கம் வீசினாள். "எதுத்து நீந்தாதீங்க. டியூப்பப் பிடிச்சிட்டு மல்லாந்து கிடங்க" என்று கத்தினாள். அம்மா ஒரு கையால் டியூப்பையும் மறு கையால் மாமியின் தலைமுடியையும் பிடித்துவிட்டாள். அடுத்த கணம் இரண்டு தலைகளும் வளைவைத் தாண்டி மறைந்துபோயின. செல்வி அக்கா கயிற்றைப் பிடித்துக் கரையேறிக் கடற்கரையை நோக்கி ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். உடைமுள் காலில் ஏறியது தெரியவில்லை. வாய் ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதிக்கொண்டிருந்தது. பாதியில் வரிகள் மறந்து மறந்து போயின.

முகத்துவாரத்தைத் தாண்டினால் எங்கள் கடல் ஆழமில்லாதது, அலையும் பெரிதாக இருக்காது. செம்மண் தண்ணீர் ஒரு நாக்கைப் போல நீலத்துக்குள் நீண்டிருந்தது. அந்த நாக்கு முடிகிற இடத்தில், கரையிலிருந்து வெகு தூரத்தில், கடலுக்கு நடுவில் என் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் கால்களுக்கு ஒரு மணல் திட்டு கிடைத்திருந்தது. நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று, மாமி கிடந்த டியூப்பைப் பிடித்திருந்தாள். வலை உதறிக்கொண்டிருந்த ஆட்கள் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய் இருவரையும் ஏற்றி வந்தார்கள். மாமி குடித்த தண்ணீரையெல்லாம் மணலில் கக்கினாள். அம்மா என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நின்றேன். "செருப்ப எங்கடி போட்ட?" என்று கேட்டுவிட்டு, அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

மாமி அதன்பிறகு ஆற்றுக்கு வரவில்லை. மாமா அன்றே அத்தாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அத்தா அம்மாவிடம், "லீவுல வந்து பேசிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். அம்மா அடுத்த ஞாயிறும் போனாள், அதற்கடுத்த ஞாயிறும் போனாள். எனக்கோ இப்போது தண்ணீரோடு அத்தாவின் வருகையும் ஒரு பயமாகச் சேர்ந்துகொண்டது.

அவர் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா வழக்கம்போல சுடிதார் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அத்தாவும் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கள் பின்னால் வந்தார். வேறு பெண்களும் இருந்ததால், அவர் கொட்டகைக்கு அப்பால் ஓர் உடைமர நிழலில், ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். என்னைத் தன் எதிரே ஆற்றைப் பார்க்க உட்காரவைத்தார்.

"அம்மா இப்ப எங்கன இருக்கா?"

"கயித்துக்கிட்ட, அத்தா."

"இப்ப?"

"நடு ஆத்துல. கயித்த விட்டுட்டா."

என் மணிக்கட்டை அவர் பிடித்த பிடி வலித்தது. அவருக்கும் நீந்தத் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா மறுகரையைத் தொட்டுத் திரும்பும்வரை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் கையைத் தளர்த்தி, "நல்லாத்தான் நீந்துறா போல" என்றார். அந்த லீவில் அதைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான்.

சங்கத்தை யாரும் இழுத்து மூடவில்லை. இளைஞர்கள் ஒவ்வொருவராக அரபு நாடுகளுக்குப் போனார்கள், செல்வி அக்கா மகளோடு திருப்பூர்ப் பக்கம் போனாள், கொட்டகை ஒரு புயலில் விழுந்தது, தேக்கமும் பல வருடம் வற்றிக் கிடந்தது. போன மழைக்கு ஆற்றில் வெள்ளம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவை அழைத்துக்கொண்டு பார்க்கப் போனேன். கரை நிறைய இளம்பெண்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி, "ரொம்ப ஆழமா இருக்குமோ?" என்று பொதுவாகக் கேட்டாள்.

"நடுவுல ரெண்டாளு முங்கும்" என்றாள் அம்மா.

"ஒங்களுக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"நான் இங்கன அக்கரை வரைக்கும் நீந்துவேன்."

அந்தப் பெண் பக்கத்தில் நின்றவளைப் பார்த்துச் சிரித்தாள். வயதானவள் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். அம்மாவோ அந்தக் குழந்தை தண்ணீரை நோக்கிக் கையை நீட்டித் துள்ளிக்கொண்டிருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தையோடு அந்தப் பெண் கரையை விட்டு ஏறிப் போகும்வரை அவள் வீட்டுக்கு வர மறுத்துவிட்டாள்.