குச்சிப்பூச்சியின் பிள்ளைகள்

அந்த வருடம் எங்கள் வகுப்பில் மூன்று வளர்ப்புப் பிராணிகள் இருந்தன. ஒரு ஹாம்ஸ்டர், ஒரு தங்கமீன், பிறகு யாருமே எட்டிப் பார்க்காத ஓர் உயரமான கண்ணாடிச் சாடி. கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் பூட்டும்போது இவற்றை யாராவது வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹாம்ஸ்டருக்கு அரைவாசி வகுப்பு கை தூக்கியது. நானும் தூக்கினேன். என் கையைக் கண்டதும் ரீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. "உனக்கு இதுதான் பொருத்தம்" என்று சொல்லிச் சாடியைத் தூக்கி என்னிடம் தந்தார். "இதுவும் உன்னுடைய நாட்டிலிருந்து வந்ததுதான்."

சாடியில் ஒட்டியிருந்த தாளில் இந்தியக் குச்சிப்பூச்சி என்று எழுதியிருந்தது. நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில். மூன்று வயதில் லண்டனுக்கு வந்துவிட்டேன். இந்தியாவை விமான யன்னலால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் எட்டு வயதில் ரீச்சருக்குப் பூகோளம் சொல்லிக் கொடுக்கும் துணிவு எனக்கு இருக்கவில்லை. சாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

கிங்ஸ்பரியில் இருந்த அந்த வீடு பெரியப்பாவுடையது. நாங்கள் மூன்று பேரும் வந்து ஒட்டிக்கொண்டவர்கள். அப்பா பெற்றோல் நிலையத்தில், அம்மா பிஸ்கற் தொழிற்சாலையில். இரண்டு பேருக்கும் ஷிப்ட் மாறி மாறி வரும். ஆகவே எனக்குச் சீப்பால் தலை இழுத்ததும் கையால் சோறு தீத்தியதும் பெரியம்மாதான். நான் படுத்த சின்ன அறையின் சுவரில் மஞ்சள் வாத்துக் குஞ்சுகள் வரிசையாக நடக்கும் தாள் ஒட்டியிருந்தது. நாங்கள் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்பே அது ஒட்டப்பட்டதாம். நான் வரப்போகிறேன் என்று இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் அப்போது யோசித்தேன்.

குசினி மேசையில் சாடியை வைத்துவிட்டுக் கைகழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் பெரியம்மா மூடியைத் திறந்து, உள்ளே இருந்த காய்ந்த தடிகளை ஒரு பிடியாக அள்ளிக் குப்பை வாளிக்கு அருகே போய்விட்டார்.

"ஏன் பிள்ளை உந்தச் சுள்ளியளைப் பள்ளிக்கூடத்தால தூக்கிக்கொண்டு வந்தனீ?"

நான் பதில் சொல்வதற்குள் ஒரு சுள்ளி அவருடைய மணிக்கட்டில் ஏறி நடக்கத் தொடங்கியது. பெரியம்மா போட்ட சத்தத்தில் மாடியில் இரவு ஷிப்ட் முடித்துப் படுத்திருந்த அப்பா எழும்பி வந்துவிட்டார். கை உதறியதில் பூச்சி தரையில் விழுந்தது. விழுந்தது அப்படியே விறைத்துக் கிடந்தது. கால்கள் ஆறும் உடம்போடு ஒட்டி, உண்மையிலேயே ஒரு குச்சி.

"ஐயோ, சாக்காட்டிப் போட்டன்" என்றார் பெரியம்மா.

அவர் தரையில் குந்தியிருந்து அதைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. ஆபத்து வந்தால் இது செத்தமாதிரி நடிக்கும் என்று ரீச்சர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். நான் சொல்லியும் அவர் நம்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கால் மெல்ல நீண்டது. பிறகு இன்னொன்று. பெரியம்மா மூச்சை விட்டார். அன்றைக்கே அந்தப் பூச்சி என்னிடமிருந்து கைமாறிவிட்டது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அதற்குச் சாப்பாடு பிரிவெற் என்ற செடியின் இலை. லண்டனில் வீட்டுக்கு வீடு முன்வேலியாக நிற்கும் செடி அது. எங்கள் வீட்டு முன்பக்கத்தைப் பெரியப்பா கார் நிறுத்துவதற்காகச் சீமெந்து போட்டு மூடியிருந்தார். பக்கத்து வீட்டில் ஒரு வயதான வெள்ளைக்காரர் தனியாக இருந்தார். அவருடைய வேலி, அடிமட்டம் வைத்து வெட்டியதுபோல நேராக இருக்கும். இத்தனை வருடத்தில் அவரும் பெரியம்மாவும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மறுநாள் காலை பெரியம்மா மீன் வெட்டும் கத்தரிக்கோலோடு அந்த வேலிக்கு முன்னால் நின்றார். கிழவர் கதவைத் திறந்து, என்ன வேண்டும் என்று கேட்டார். பெரியம்மா இலையைக் காட்டினார், பிறகு வாயைக் காட்டினார். கிழவர் பதறிப்போனார். இது நஞ்சு, மனிதர் தின்னக்கூடாது என்று இரண்டு கையையும் ஆட்டினார். நான் ஓடிப்போய் விளக்கவேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அடிக்கடி எங்கள் வாசற்படியில் ஒரு பிளாஸ்ரிக் பையில் இளம் கொப்புகள் இருக்கும். பெரியம்மா பதிலுக்கு வடை கொடுத்தார். அதை அவர் தின்றாரா என்பது தெரியாது.

ஒருநாள் காலை பூச்சி தலைகீழாகத் தொங்கியது. முதுகு வெடித்துத் தோல் பிளந்துகொண்டு வந்தது. பெரியம்மா கதிரையை இழுத்துப்போட்டு முன்னால் இருந்துவிட்டார். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்த மணம் வந்தும் எழும்பவில்லை. பழைய உடம்பிலிருந்து புது உடம்பு, கால் காலாக, கையுறையிலிருந்து விரல்களை உருவி எடுப்பதுபோல வெளியே வந்தது. முன்னைவிட நீளமாக, பச்சையாக இருந்தது. கொஞ்சம் இளைப்பாறிய பிறகு திரும்பி, கழற்றிய தோலைத் தானே தின்னத் தொடங்கியது.

"ஒண்டையும் வீணாக்காத சீவன்" என்றார் பெரியம்மா. எங்கள் வீட்டில் சோற்றை மிச்சம் விடுகிற ஆள் நான்தான். அந்த வாரம் முழுக்க இந்தப் பூச்சியை எனக்கு உதாரணம் காட்டினார்.

பிறகு கொஞ்ச நாளில் சாடிக்குள் மெல்லிய சத்தம் கேட்கத் தொடங்கியது. டிக் என்று ஒன்று, நெடுநேரம் கழித்து இன்னொன்று. அடியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டைகள் விழுந்து கிடந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மஞ்சள் மூடி. பெரியம்மா ஏதோ செடியின் விதை என்று நினைத்தார். நான் பெருமையோடு சொன்னேன், அவை முட்டைகள்.

"தனிய இருக்கிற பூச்சி எப்பிடிப் பிள்ளை முட்டை இடும்?"

"அது அப்பிடித்தான் பெரியம்மா. தானே இடும், தானே குஞ்சு பொரிக்கும். எல்லாம் பொம்பிளைக் குஞ்சு."

பெரியம்மா முட்டை ஒன்றை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

மாமி, அதாவது அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் மூத்த அக்கா, லண்டனின் மறுகோடியில் ஸ்ட்ரெதத்தில் இருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் சாப்பிட வருவார். மேசையில் இருந்ததும் பெரியம்மாவைப் பார்த்து, "என்ன, ஏதும் விசேஷம் உண்டோ?" என்று கேட்பார். விசேஷம் என்றால் ஏதோ சிறப்பான கறி என்று நான் நினைத்திருந்தேன். கோழியும் றாலும் மேசையிலேயே இருக்கும்போது இவர் ஏன் இதைக் கேட்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். பெரியம்மா ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்து இல்லை என்பார். மாமி ஒரு புது விரதத்தின் பெயரைச் சொல்லுவார். பெரியப்பா சோற்றைக் குழைத்தபடி இருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமி விரதத்தோடு நிற்கவில்லை. "பொம்பிளைக்கு ஒரு பிள்ளை இல்லாட்டில் ஆம்பிளையின்ர பேர் எப்பிடி நிலைக்கும்?" என்று கேட்டார். அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். அந்த இடைவெளியில் என் செய்தியைச் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

"மாமி, எங்கட பூச்சி முட்டை இட்டிட்டுது. பிள்ளை பெறுறதுக்கு ஆம்பிளை தேவையே இல்லை எண்டு ரீச்சர் சொன்னவ."

முதலில் எதுவும் நடக்கவில்லை. பிறகு பெரியம்மா சிரித்தார். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்தினார், அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்து, கண்ணால் தண்ணீர் வந்து, குசினிக்குள் எழும்பிப் போய் அங்கேயும் சிரித்தார். பெரியப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். நான் ஒரு விஞ்ஞான உண்மையைத்தான் சொன்னேன். மாமி ஏன் என்னை அப்படிப் பார்த்தார் என்பது விளங்கவில்லை.

விடுமுறை முடிய இருந்தது. முட்டைகளை விட்டால் நூற்றுக்கணக்கில் பொரித்துவிடும், ஆகவே அவற்றை ஃப்ரீஸருக்குள் வைத்துச் சாகவிட்டு எறிந்துவிடு என்று ரீச்சர் சொல்லியிருந்தார். நான் சொன்னதைச் செய்யும் பிள்ளை. ஒரு ஐஸ்கிரீம் பெட்டியில் முட்டைகளைக் கொட்டி, உறைந்த மீனுக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தப்போனேன். பெரியம்மா என் கையைப் பிடித்தார். அவர் என்னை இறுக்கிப் பிடித்தது அந்த ஒருமுறைதான்.

"என்ர வீட்டில ஒண்டையும் சாகவிட ஏலாது."

பெட்டியைத் தானே வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனார். சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கும் அலுமாரிக்குள், தோசை மாவைப் புளிக்க வைக்கும் தட்டுக்கு மேல், பெரியப்பாவின் மடித்த சேட்டுகளுக்குப் பக்கத்தில் அதை வைத்தார். வீட்டிலேயே மிகவும் வெதுவெதுப்பான இடம் அதுதான்.

பள்ளிக்கூடம் தொடங்கியது. பூச்சி திரும்பிப் போனது. பெரியம்மா பள்ளிக்கூடக் கேற் வாசல் வரை வந்து, இலை நிரம்பிய பையை ரீச்சரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அது என்னுடைய நாட்டுப் பூச்சி என்று ரீச்சர் சொன்னதில் பாதி சரி என்று பிறகு புத்தகங்களில் வாசித்தேன். தமிழ்நாட்டில் பழனி மலைப் பக்கத்துக் காடுகளில் இருந்து பல காலத்துக்கு முன் ஐரோப்பாவுக்குக் கொண்டுவரப்பட்ட பூச்சி அது. உலகம் முழுக்கப் பள்ளிக்கூடச் சாடிகளில் இருப்பவை பெரும்பாலும் அந்த முதல் பெண்களின் மகள்களும், மகள்களின் மகள்களும்தான்.

நான் முட்டைகளை மறந்துபோனேன். மழைக்காலம் வந்தது, குளிர் வந்தது. பெரியம்மா இடைக்கிடை அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து, அன்றைக்கு முழுவதும் படுத்துக்கொள்வார். ஒருநாள் படிக்கட்டில் குந்தியிருந்து சப்பாத்துக் கயிறு கட்டும்போது பெரியம்மாவும் பெரியப்பாவும் பேசியது கேட்டது.

"இஞ்சேருங்கோ, டாக்குத்தர் உங்களையும் ஒருக்கா வரட்டாம்."

"எனக்கு என்ன வருத்தம்? நான் நல்லாத்தானே இருக்கிறன்."

பெரியப்பாவுக்குத் தும்மல் தடிமன்கூட வருவதில்லை. அவர் சொன்னது நியாயம் என்றே எனக்குப் பட்டது.

டிசம்பரில், நத்தாருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலை, பெரியப்பா வேலைக்கு வெளிக்கிடும்போது மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். பயந்துகொண்டு போனேன். அலுமாரிக் கதவு திறந்திருந்தது. தோசை மாச் சட்டியின் துணியில், துவாய்களில், தண்ணீர்க் குழாயில், எங்கும் நூல்துண்டு அளவான குஞ்சுகள் ஏறிக்கொண்டிருந்தன. பெரியப்பா போட்டிருந்த சேட்டின் கொலரில் ஒன்று. அவர் கோபப்படவில்லை. அசைந்தால் விழுந்துவிடும் என்பதுபோல நின்றார்.

"எல்லாம் பொம்பிளையளோ?"

"ஓம் பெரியப்பா."

"ஆம்பிளை எண்டு ஒண்டுமே இல்லையோ?"

"எப்பவாவது அருமையாப் பிறக்குமாம். இருந்தாலும் இல்லாட்டிலும் ஒண்டுதானாம்."

பெரியப்பா கொலரில் இருந்ததை விரல் நுனியில் ஏற்றிக்கொண்டு, மற்றக் கையால் காற்றுப் படாமல் மறைத்துக்கொண்டு, படி படியாக இறங்கிக் குசினிக்குப் போனார். நான் பின்னால் போனேன்.

"இஞ்சேர்" என்றார். "உன்ர பிள்ளையள் வந்திட்டினம்."

பெரியம்மா திரும்பிப் பார்த்தார். கையில் இருந்த அகப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பெரியப்பா விரலை நீட்ட, அந்தக் குஞ்சு அவர் விரலிலிருந்து பெரியம்மாவின் விரலுக்கு நடந்துபோனது. அதற்குப் பிறகுதான் பெரியப்பா கேட்டார், "ஆஸ்பத்திரிக்கு எப்ப வரச் சொன்னவை?"

அவர்கள் இருவரும் ஒன்றாகப் புறப்பட்ட அன்று எனக்கு ஒரே கவலை. பூச்சி கழுத்தில் ஏறியதற்காகத்தான் பெரியப்பா டாக்குத்தரிடம் போகிறார் என்று நினைத்தேன். வாசலில் மறித்துச் சொன்னேன்.

"பெரியப்பா, அது கடிக்காது. நஞ்சும் இல்லை. நீங்கள் போகத் தேவையில்லை."

"தெரியும் பிள்ளை" என்றார் பெரியப்பா. "எண்டாலும் ஒருக்காப் போட்டு வாறன்."

பெரியம்மாவிடம் எந்தக் குறையும் இருக்கவில்லை என்பதை நான் பெரியவளான பிறகு அம்மா சொன்னார். கடைசிவரை அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை.

குஞ்சுகளில் சிலவற்றைப் பக்கத்து வீட்டுக் கிழவர் தன் பேரப்பிள்ளைகளுக்காக வாங்கிக்கொண்டார், சிலவற்றை ரீச்சர் எடுத்தார். மிச்சத்தைப் பெரியப்பாவே வளர்த்தார். கிழவரின் வேலிக்கு அதன் பிறகு கத்தரிக்கோலோடு போனது அவர்தான்.

சித்திரை வருடப்பிறப்புக்கு மாமி வந்தார். வழக்கம்போல மேசையில் இருந்து, வழக்கம்போலப் பெரியம்மாவின் பக்கம் திரும்பி, விசேஷம் ஏதும் உண்டோ என்று கேட்டார். பெரியம்மா தலையைக் குனிவதற்குள் பெரியப்பா பேசினார். அவர் சாப்பாட்டு மேசையில் பேசியதை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"அக்கா, இனி அவளைக் கேக்காதேங்கோ. கேக்கிறதெண்டால் என்னைக் கேளுங்கோ."

பெரியம்மா அவரைப் பார்த்தார். மாமியின் கை சோற்றில் அப்படியே நின்றது. அம்மா என் சோற்றுக் கோப்பையில், நான் கேட்காமலேயே, இன்னொரு றால் போட்டார்.

எனக்கு மனவருத்தமாக இருந்தது. நாலு மாதம் இலை வெட்டிப் போட்டதற்காகப் பெரியப்பா தன்னைப் பெரிய நிபுணர் என்று நினைத்துக்கொண்டுவிட்டார். அந்தப் பூச்சிகளைப் பற்றிக் கேட்பதென்றால் என்னையல்லவா கேட்கவேண்டும்! மாமி கஷ்டமான கேள்வி ஏதாவது கேட்பார், பெரியப்பாவுக்குப் பதில் தெரியாமல் போகும், அப்போது நான் சொல்லலாம் என்று றாலை மென்றபடி ஆயத்தமாக இருந்தேன். மாமி ஒன்றும் கேட்கவில்லை.