டிராயருக்குள் அடித்த தடுப்பு

கணவன் போன பிறகு ஒரு பெண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்று கேட்பவர்கள், அவள் தலையை யார் வாருவது என்று மட்டும் சொல்வதில்லை. பத்மாசினிக்கு இந்தக் கேள்வி தொண்ணூற்றெட்டாம் வருஷம் வந்தது. திருநகரைத் தாண்டிய நெசவாளர் குடியிருப்பில், மாமியார் வீட்டிலேயே தறி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் அப்பா சீராகக் கொடுத்த டிரெஸ்ஸிங் டேபிள் கூடத்தில் நின்றது. கணவன் ஹரிராம் இறந்த பிறகு அதன் டிராயரில் முதலில் கரண்டு அட்டை நுழைந்தது, அப்புறம் மாமியாரின் மாத்திரை, கொழுந்தன் கார்த்திகேஷின் ஷேவிங் செட். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். அவளுடைய வளையலும் பொட்டும் பிளாஸ்டிக் பையில் பரணுக்குப் போயின. கார்த்திகேஷுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், டேபிளே புதுப்பெண் அறைக்குப் போகட்டும் என்று மாமியார் முடிவு செய்தார். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்மாசினி, தறி பழுது பார்க்கும் ஆசாரி மொக்கைச்சாமியிடம் ரம்பம் கேட்டாள். தானே செய்து தருவதாக அவர் சொன்னார்.

"வேணாம்ணே. என் டிராயருக்கு நானே தடுப்பு அடிச்சுக்கிறேன். ரம்பத்த மட்டும் குடுங்க."

பழைய தறிப் பலகையை அறுத்து, வளையலுக்கு நீள அறை, பொட்டுக்குச் சின்ன அறை, சீப்புக்கு, பவுடருக்கு, கொண்டை ஊசிக்கு என்று சட்டம் அடித்தாள். டிராயருக்குள் வைத்தால் இறங்கவே இல்லை. தறியை விட்டு இறங்கினால் புடவை சுருங்கும் என்று நெசவுக்காரர்கள் எப்போதும் கூடுதலாக நீளம் விடுவார்கள். அந்தப் பழக்கத்தில் அவள் பலகைக்கும் இரண்டு விரற்கடை கூடுதலாக விட்டிருந்தாள். கார்த்திகேஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நனைத்துக் காயப் போட்டால் சுருங்கும் என்று யோசனை வேறு சொன்னான். சிரிக்கட்டும் என்று மறுபடி அறுத்தாள். இந்த முறை கச்சிதமாக உட்கார்ந்தது. பிடுங்கினால் டிராயரும் சேர்ந்து உடைகிற மாதிரி, பசை போட்டு ஆணியும் இறக்கினாள். பரணிலிருந்த பையை இறக்கி அறைகளை நிரப்பினாள். கரண்டு அட்டையும் மாத்திரையும் ஷேவிங் செட்டும் ஜன்னல் மேடைக்குப் போயின.

டேபிளைத் தூக்க மொக்கைச்சாமியைக் கூப்பிட்டிருந்தார்கள். டிராயரை இழுத்துப் பார்த்த மாமியாருக்கு முகம் செத்துவிட்டது. ஊர் என்ன பேசும் என்று சௌராஷ்டிர மொழியில் முணுமுணுத்தார். வீட்டு மொழியில் பதில் சொன்னால் வீட்டுக்குள்ளேயே அமுக்கிவிடுவார்கள். பத்மாசினி ஆசாரிக்கும் விளங்கட்டும் என்று தமிழிலேயே சொன்னாள்.

"இது எங்கப்பா எனக்குக் குடுத்தது. செத்தது என் புருஷன், நான் இல்ல. புதுப்பொண்ணுக்கு வேணும்னா இந்த ஆசாரி அண்ணன்கிட்டச் சொல்லிப் புதுசாச் செய்ங்க."

சொல்லிவிட்டு ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, எல்லோர் முன்னாலும் கண்ணாடி பார்த்து நெற்றியில் ஒட்டினாள். மொக்கைச்சாமி டேபிளைக் கட்டக் கொண்டுவந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, "வாரேன்" என்று கிளம்பினார். மாமியார் பத்து நாள் அவளோடு பேசவில்லை. அவளும் வலியப் போய்ப் பேசவில்லை.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் புதுப்பெண் ஸ்ரீவர்ஷினி தயங்கித் தயங்கி வந்து கொண்டை ஊசி கேட்டாள். பத்மாசினி டிராயரைத் திறந்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். எடுத்த அறையிலேயே திருப்பி வைக்க வேண்டும் என்றும் சொன்னாள்.