நான் முன்மொழிந்த தீர்மானம்

போன வாரம் எங்கள் வீட்டு மிக்சி எரிந்துபோனது. "என்னமோ தீயுது பாருங்க" என்று மனைவி கூப்பிடுவதற்கு முன்பே எனக்கு வாசனை வந்துவிட்டது. மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், எரியும் வாசனை அது. முதலில் கொஞ்சம் இனிப்பாகக்கூட இருக்கும், பிறகு தொண்டையைப் பிடிக்கும். பிளக்கில் கரண்டு வருகிறதா என்று பார்க்க மேசை டிராயரைத் துழாவி டெஸ்டரை எடுத்தேன். மஞ்சள் பிடி போட்ட பழைய டெஸ்டர். பிடியில் ஒரு கம்பெனியின் பெயர் பாதி அழிந்திருக்கிறது. அந்தக் கம்பெனி போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிறது. டெஸ்டரில் மட்டும் இன்னும் விளக்கு எரிகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அந்தக் கம்பெனி பம்புசெட் மோட்டார் செய்தது. எழுபதுகளில் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் எந்தக் கிணற்றடிக்குப் போனாலும் அந்தப் பச்சை மோட்டார்தான் இருக்கும். நான் அப்போது திருவண்ணாமலையில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் எழுத்தர். ஊரில் அதைக் கமிட்டி என்றுதான் சொல்வார்கள். கடலை மூட்டைக்கு ரசீது எழுதுவது வேலை. பி.ஏ. படித்தவன், இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. படித்ததைவிட அக்குளில் வைத்துக்கொண்டு நடந்ததுதான் அதிகம். உங்களிடம் மறைப்பானேன்?

தேரடித் தெருவில் பம்புசெட் விற்கிற கடைக்காரர் ஒரு வருஷம் பொங்கலுக்குக் காலண்டரோடு ஷேர் விண்ணப்பத்தையும் கொடுத்தார். "விவசாயி இருக்கற வரைக்கும் மோட்டார் ஓடும் சார், போடுங்க" என்றார். ஷேர் என்றால் என்ன என்றே எங்களுக்குச் சரியாகத் தெரியாது. ஆனாலும் நாலு பேர் போட்டோம். நான் ஐம்பது ஷேர். மோட்டாருக்குக் காயில் கட்டும் மணி ஐம்பது. ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார் நூறு. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த சரோஜா அக்கா நானூறு.

சரோஜா அக்காவின் புருஷன் லாரி டிரைவர். செங்கம் ரோட்டில் லாரி கவிழ்ந்து இறந்துபோனவர். அவர் இறந்ததற்கு நஷ்டஈடாக வந்த பணம்தான் அந்த நானூறு ஷேர். அக்காவும் சின்னப் பெண்ணும் திருவூடல் தெருவில் ஒரு போர்ஷனில் குடியிருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் கிணற்றில் தண்ணீர் இறைக்க விடமாட்டார், கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார். டியூட்டி முடிந்து ஆஸ்பத்திரி வாசனையோடு வரும் அக்கா முகம் கழுவக்கூட அடுத்த வீட்டில் குடத்தைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். "சொந்தமா ஒரு மனை வாங்கணும் தம்பி. வீடு அப்புறம் கட்டிக்கலாம், மொதல்ல கெணறு வெட்டிடணும்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அது ஒன்றுதான் அவருக்கு இருந்த ஆசை.

எங்கள் நாலு பேருக்கும் கூடுமிடம் மணியின் கடை. சின்னக்கடைத் தெருவில் ஒரு சந்துக்குள் இருந்தது. மணி என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர், எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். காயில் சுற்றி முடித்ததும் வார்னிஷ் ஊற்றி, மோட்டார் வயிற்றுக்குள் இருநூறு வாட்ஸ் பல்பைத் தொங்கவிட்டுக் காயவைப்பார். அந்த வெளிச்சத்தில், அந்த வார்னிஷ் நெடியில் உட்கார்ந்து எங்கள் கம்பெனியின் எதிர்காலத்தை அலசுவோம். "எங்கள் கம்பெனி" என்றுதான் சொல்வோம். முதல் இரண்டு வருஷம் தபாலில் டிவிடெண்ட் வந்தது. அப்போது எங்களுக்கு வந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூன்றாம் வருஷம் தபால்காரர் வெறும் வருடாந்தர அறிக்கையை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார். பத்து ரூபாய் ஷேர் எட்டாகி, ஏழாகி, இறங்கிக்கொண்டே போனது.

வேடிக்கை என்னவென்றால், கம்பெனி எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதற்குச் சாட்சி எங்கள் காலடியிலேயே கிடந்தது. மணியின் கடையில் ரிப்பேருக்கு வந்து கிடந்த மோட்டார்களில் முக்கால்வாசி பச்சை மோட்டார்.

"மாசத்துக்கு ஏழு, எட்டு வருது சார். முன்னல்லாம் ரெண்டு வரும்" என்பார் மணி.

"எரியறது எல்லாம் வித்த மோட்டார்தானய்யா? ஜாஸ்தி எரியுதுன்னா ஜாஸ்தி விக்குதுன்னு அர்த்தம்" என்பார் கணக்கு வாத்தியார்.

வாத்தியாரிடம் எதற்கும் பதில் இருந்தது. மழை பெய்தால் கடலை விளையும், விவசாயி கையில் காசு புரளும், புது மோட்டார் வாங்குவான். மழை பொய்த்தால் கிணற்றில் தண்ணீர் கீழே போகும், பெரிய மோட்டார் வாங்குவான். வானம் எப்படி நடந்துகொண்டாலும் எங்கள் கம்பெனிக்கு லாபம். நான் அறிக்கையைப் பிரித்துச் சேர்மன் உரையை உரக்கப் படித்துத் தமிழில் சொல்வேன். புரியாத இடத்தில் நிறுத்தாமல் தாண்டிவிடுவேன். கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருந்ததை ஒருநாளும் படித்ததில்லை.

ஒருநாள் மணி எரிந்த காயிலை அறுத்து, கம்பியைக் கையில் எடுத்துக் காட்டினார். "இது பழைய மோட்டார் கம்பி. இது இப்ப வர்றது. தொட்டுப் பாருங்க சார். செம்பைக் கம்மி பண்ணிட்டானுங்க."

"கரண்டு வோல்டேஜ் சரியில்ல மணி, அதுக்குக் கம்பெனி இன்னா பண்ணும்?" என்றேன்.

"அதே லைன்ல பக்கத்துக் கொல்லையில வேற கம்பெனி மோட்டார் ஓடுதே சார். அது ஏன் எரியல?"

நான் அறிக்கையைப் புரட்டினேன். அடுத்த வருஷம் சரியாகிவிடும் என்றார் வாத்தியார்.

அந்தச் சமயத்தில்தான் சரோஜா அக்காவுக்கு ஒரு மனை அமைந்தது. வேங்கிக்காலில், ரோட்டை விட்டு உள்ளே, முள்ளுக்காட்டுக்கு நடுவே. மெட்ராஸ் ஷேர் புரோக்கர் ஒருவரின் ஆளும் ஊருக்கு வந்திருந்தான். மாதக் கடைசி வரைக்கும் ஆறு ரூபாய்க்கு ஷேரை வாங்கிக்கொள்கிறேன் என்றான். நானூறையும் விற்றால் மனைக்குச் சரியாக இருக்கும். பத்துக்கு வாங்கியதை ஆறுக்கு விற்பதா, பொறுத்திருப்பதா என்று அக்காவுக்கு ஒரே தவிப்பு. கம்பெனியின் வருடாந்தரக் கூட்டமும் அதே மாதம் மெட்ராஸில் இருந்தது.

"நீ ஒரு எட்டு போயி நேரா கேட்டுட்டு வா தம்பி. நீ விக்கச் சொன்னா வித்துடறேன், வேணாம்னா வெச்சிருக்கேன்" என்றார் அக்கா. மூன்று பேரும் சேர்ந்து எனக்குப் பஸ் சார்ஜ் போட்டார்கள். வாத்தியார் கேள்விகளை ஒரு தாளில் எழுதித் தந்தார். முதல் கேள்வி மணியுடையது. கம்பியின் கனத்தைக் குறைத்தது ஏன்?

அயர்ன் பண்ணிய வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். பெரிய சபா ஹால், மேலே மின்விசிறிகள். வாசலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு டப்பா கொடுத்தார்கள். ஒரு லட்டு, மிக்சர் பொட்டலம், ஒரு டெஸ்டர். நான் லட்டை விண்டுகொண்டிருக்கும்போது கோட்டுப் போட்ட ஒருவர் பக்கத்தில் வந்தார்.

"சார் எந்த ஊர்?"

"திருவண்ணாமலை."

"அடடா, அண்ணாமலையார் ஊர்லேர்ந்தா! இவ்ளோ தூரம் வந்திருக்கீங்களே. சார், நீங்கதான் முதல் தீர்மானத்தை முன்மொழியணும். இதை மைக்ல வாசிச்சாப் போதும்."

கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். இங்கிலீஷில் இரண்டு வரி டைப் அடித்திருந்தது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து எழுத்தரிடம் அதுவரை யாரும் மைக் கொடுத்ததில்லை. என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லாமல் வாசித்தேன். கம்பெனியின் அறிக்கையையும் கணக்குகளையும் இந்தக் கூட்டம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் முன்மொழிகிறேன். அதுதான் அந்த இரண்டு வரி. முன்வரிசையில் ஒருவர் வழிமொழிந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். சேர்மன் மேடையிலிருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் நான் குளிர்ந்துபோனேன், வெட்கக்கேடு.

அதற்குப் பிறகு யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டார்கள். வாத்தியாரின் தாள் என் சட்டைப் பையில்தான் இருந்தது. கணக்கை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று இப்போதுதான் மைக்கில் சொன்னவன், எந்த முகத்தோடு எழுந்து கேட்பது? யாராவது கேட்பார்கள் என்று சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் மிக்சர் தின்றுகொண்டிருந்தார்கள். நானும் பொட்டலத்தைப் பிரித்தேன்.

மறுநாள் காலையில் மணியின் கடைக்குப் போனேன். மூன்று பேரும் காத்திருந்தார்கள். சரோஜா அக்கா டியூட்டிக்குப் போகிற வெள்ளைப் புடவையில் நின்றிருந்தார்.

"கேட்டியா தம்பி?"

"கேட்டேன் அக்கா."

"இன்னா சொன்னாங்க?"

"புது மாடல் வருதாம். அடுத்த வருஷம் டிவிடெண்ட் நிச்சயம்னாங்க. ஆறுக்குக் குடுத்துடாதீங்க."

இதில் ஒரு வார்த்தைகூட யாரும் என்னிடம் சொன்னதில்லை. அத்தனையும் அந்த நிமிஷத்தில் என் வாயிலிருந்து வந்தது. மைக்கில் பேசினேன் என்றும் சொன்னேன். வாத்தியார் என் முதுகில் தட்டினார். அக்காவின் முகம் தெளிந்துவிட்டது. "எனக்காக அவ்ளோ பேரு முன்னால பேசிட்டு வந்திருக்க" என்றார். கம்பி விஷயம் என்ன ஆயிற்று என்று மணி கேட்டார். பார்க்கிறோம் என்று சொன்னதாகச் சொன்னேன். மணி என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

மனை வேறு ஒருவருக்குப் போயிற்று. அடுத்த வருஷம் டிவிடெண்ட் வரவில்லை, அதற்கடுத்த வருஷம் அறிக்கையும் வரவில்லை. ஸ்டிரைக் என்றார்கள், லாக்-அவுட் என்றார்கள். எண்பதுகளின் நடுவில் நான் போட்ட கடிதம் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. மணி தன் ஐம்பது ஷேரை நான் மெட்ராஸ் போய் வந்த அந்த வாரமே புரோக்கர் ஆளிடம் விற்றுவிட்டார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஆத்திரம் தாங்கவில்லை எனக்கு. அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று சண்டைக்குப் போனேன்.

"எனக்குக் கம்பி தெரியும் சார், இங்கிலீசு தெரியாது. படிச்சவரு நீங்க, போயி கேட்டுட்டு வந்து வெச்சுக்கோன்னு சொல்றீங்க. அதுக்கு மேல நான் இன்னாத்த சொல்றது?" என்றார் மணி.

இன்று மணியும் இல்லை, வாத்தியாரும் இல்லை. கடை இருந்த இடத்தில் லாட்ஜ் வந்துவிட்டது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அங்கே ரூம் கிடைப்பதில்லை. கீழ்பென்னாத்தூரில் பச்சை மோட்டார் என்றால் யாருக்கும் தெரியாது. வேங்கிக்கால் முள்ளுக்காடு கலெக்டர் ஆபீஸும் கடைகளுமாக ஆகிவிட்டது. அந்த மனை என்ன விலை போகும் என்று நான் விசாரித்ததில்லை, அந்தப் பக்கமே முடிந்தவரை போவதில்லை. சரோஜா அக்கா ரிட்டையராகி, ஆரணியில் மகளோடு வாடகை வீட்டிலேயே இருந்து காலமானார்.

டெஸ்டருக்கு அடியில் டிராயரில் ஒரு பழுப்புக் கவர் இருக்கிறது. காரியமெல்லாம் முடிந்தபின் அக்காவின் மகள் கொண்டுவந்து கொடுத்தது. உள்ளே அந்த நானூறு ஷேருக்கான பத்திரங்கள், ஒரு மடிப்புக்கூடக் கலையாமல்.

"நமக்காகத் தம்பி மெட்ராஸ் வரைக்கும் போயி மைக்குல கேட்டுட்டு வந்துச்சுன்னு அம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க மாமா. இதுல இப்ப ஏதாச்சும் தேறுமா?" என்றாள்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்கப்போவதில்லை. "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றேன். மாதத்துக்கு ஒருமுறை போன் செய்து கேட்கிறாள். விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்கிறேன்.