கொப்புளம் வராத கை

ராயபுரத்தில் நானும் என் தோஸ்து சேவியரும் ஒரு சரக்குக் கப்பலில் சமையல் வேலைக்குத் தேர்வாகியிருந்தோம். ஜப்பானில் ஒசாகா துறைமுகத்தில் ஒரு நாள் விடுமுறை கிடைக்கும் என்றார்கள். அன்று எங்கெல்லாம் சுற்றுவது என்று அவன் பட்டியல் எழுதினான். நான் அடம்பிடித்துப் படகுச் சவாரியைச் சேர்த்தேன்.

புறப்படுமுன் பெரியம்மைத் தடுப்புக்காகக் கையில் அம்மைப்பால் குத்தினார்கள். காய்ச்சலுக்குப் பயந்து எங்கள் தெருவில் எல்லோரும் அதைச் சுண்ணாம்பு தடவித் துடைத்துவிடுவார்கள். நானும் துடைத்தேன். துடைக்காத சேவியர் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தான். அவனைக் கேலி செய்தேன்.

எட்டாம் நாள் டாக்டர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கொப்புளமே எழும்பலையே, அம்மைப்பால் பிடிக்கலைப்பா. சர்டிபிகேட் தர முடியாது.”

அது இல்லாமல் கப்பலில் ஏற்றமாட்டார்கள். நகத்தால் கையைக் கீறிக் காட்டினேன். காலில் விழுந்தேன்.

“சார், இப்பவே இன்னொருவாட்டி குத்துங்க சார்!”

“குத்தினா இன்னும் எட்டு நாள் ஆகும்பா.”

கப்பல் மறுநாளே கிளம்பியது.

“நீ மட்டும் போய் ஜப்பானைப் பாரு. எம் மூஞ்சில முழிக்காதே!” என்று சேவியரிடம் கத்தினேன். கப்பல் சங்கு ஊதியபோது கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நாலு மாதம் கழித்து வந்தவன் அந்தப் பட்டியலை நீட்டினான். கோட்டை, டிராம், படகு என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டிரண்டு டிக்கெட்டுகளைக் குண்டூசியால் குத்தியிருந்தான்.

“இன்னாத்துக்குடா ரெண்டு?”

“உனுக்கும் சீட்டு வோணும்ல, நைனா? படகுல பக்கத்துல யாரையும் குந்த வுடலையே.”

வழியனுப்பக்கூடப் போகாதவனுக்கு அவன் இடம் பிடித்து வைத்திருந்தான்.